ஒரு தையல்கூட இல்லையாமே

தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்பி வெச்சுக்கங்க. பஸ் குலுங்குறப்ப அதோட மூலை என் வயித்துல வந்து முட்டுது. இல்லல்ல, கீழ வைக்க வேணாம், மடியிலயே இருக்கட்டும். ம், அவ்வளவுதான்.

ஆபரேசனான்னு கேக்குறீங்க. பாத்தீங்களா, நீங்களும் அதேதான் கேக்குறீங்க. ஒருத்தன் வயித்துல கை வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா ஊரு உலகமே கேக்குற கேள்வி இது. ஆபரேசனா, எத்தனை தையலு? ஆபரேசன் இல்லப்பான்னு சொன்னா முகம் அப்படியே மாறிப்போகும். அட, அவ்வளவுதானான்னு ஆயிரும். உங்க முகமும் இப்ப லேசா மாறுச்சு. பரவால்ல, உங்களச் சொல்லிக் குத்தமில்ல. கூடப் பொறந்தவளே நம்பல, முன்னப்பின்ன தெரியாத நீங்க எப்படி நம்புவீங்க?

எனக்கு அருப்புக்கோட்டையில வாடகைப் பாத்திரக்கடை. சீனிராஜ் பாத்திரக்கடைன்னா யாருக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எழவு, எதுனாலும் அண்டா, குண்டா, சேரு, ஜமக்காளம் நம்ம கடையிலருந்துதான் போகும். பிரியாணி அண்டாவத் தனியாளாத் தூக்கி வண்டியில ஏத்துவேன். தூக்குறதுதான் நம்ம பொழப்பே. அத நல்லா மனசுல வெச்சுக்கங்க. தூக்கத் தெம்பில்லாதவன்னு என்னைய எவனும் சொல்ல முடியாது.

அன்னைக்கு ஒரு வீட்டுக்குக் கரண்டிக்கட்டு குடுத்துட்டு எக்ஸெல் வண்டியில திரும்பி வாறேன். வளைவுல ஒரு நாய் குறுக்க வந்துருச்சு. பிரேக்கப் பிடிச்சேன், வண்டி திரும்பி ஹேண்டில்பார் முனை நேரா வயித்துல ஒரு இடி. கீழ விழுந்தேன், எந்திரிச்சேன், வேட்டியத் தட்டிக் கட்டினேன். ஒரு சிராய்ப்பு கிடையாது தம்பி. அந்தக் கருமம்தான் இவ்வளவுக்கும் காரணம். நெத்தியில நாலு சொட்டு ரத்தம் வந்திருந்தா என் பொழப்பு இப்படிச் சந்தி சிரிச்சிருக்காது.

வீட்டுக்கு வந்தா சோறு எறங்கல. கண்ணு இருட்டிக்கிட்டு வருது, இடது தோள்பட்டை விண்ணு விண்ணுன்னு வலிக்குது. வயித்துல இடிச்சா தோள் எதுக்கு வலிக்கணும்? வாயுவுன்னு நெனச்சு ரசத்தக் குடிச்சிட்டுப் படுத்தேன். என் வீட்டுக்காரி ஜோதிமணிதான் கையத் தொட்டுப் பாத்துட்டு, 'என்னங்க இப்படிச் சில்லுன்னு இருக்கு'ன்னு கத்தி ஆட்டோவக் கூப்பிட்டா. அவ எப்பவும் அப்படித்தான், ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கத்துவா. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில பாத்துட்டு மதுரைக்குக் கொண்டுபோன்னுட்டாங்க. மதுரையில ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தா, கல்லீரல்ல ஒரு கிழிசல், மண்ணீரல்ல ஒரு கிழிசல், வயித்துக்குள்ள ரத்தம் தேங்கிக் கெடக்குதாம்.

சரி, கிழிஞ்சா என்ன பண்ணணும்? தைக்கணும். சட்டை கிழிஞ்சாலே தைக்கிறோம். நான் மனசத் தேத்திக்கிட்டுக் கையெழுத்துப் போட ரெடியாக் கெடக்கேன். அந்த டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, நம்ம தாரணி வயசுதான் இருக்கும், தாரணி யாருன்னு சொல்றேன், அது வந்து வயித்த அமுக்கிப் பாத்துட்டு, 'அறுக்க வேணாம்யா. ரத்தம் தானா நின்னிருக்கு. அசையாமப் படுத்திருந்தீங்கன்னா அதுவாவே ஆறும்'ங்குது.

அதுவாவே ஆறுறதுக்கு நான் என்னத்துக்கு மதுரை வரணும்? ரத்தம் ஏத்துனாங்க, அது உண்மை, அத நான் மறைக்கல. அப்புறம் வைத்தியம்னு பாத்தா என்ன? வாறாங்க, நாடி பாக்குறாங்க, பிரஷர் பாக்குறாங்க, வயித்த அமுக்குறாங்க, ரத்தம் எடுத்துட்டுப் போறாங்க, திரும்ப வாறாங்க. வயலுக்குத் தண்ணி கட்டுனவன் வரப்பு வரப்பா வந்து எட்டிப் பாத்துட்டுப் போவான்ல, அந்த மாதிரி. பச்சத்தண்ணிகூடக் குடுக்கல மொத ரெண்டு நாளு. கட்டிலவிட்டு எறங்கக் கூடாது. எல்லாம் படுத்த படுக்கையிலதான். அண்டா தூக்குனவன் தம்பி நான். ஒரு பொம்பள வந்து என்னையத் திருப்பிப் போட வேண்டியிருக்குன்னா எப்படி இருக்கும்?

டாக்டரம்மாகிட்டக் கேட்டேன், 'ஏம்மா, நீங்க ஒண்ணுமே செய்யலையே'ன்னு. அது சிரிச்சுச்சு. 'பாத்துக்கிட்டே இருக்கோமேய்யா, அதுதான் வைத்தியம். உள்ள ரத்தம் கட்டியாகிக் கிழிசல அடைச்சு வெச்சிருக்கு. நீங்க எடை தூக்கி, முக்கி, அது பிச்சுக்கிட்டா திரும்பக் கொட்டும். கொட்டுனா நீங்க மதுரை வந்து சேர்றதுக்குள்ள எங்க கையில இருக்காது. மூணு மாசத்துக்கு ஒரு கொடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது'ன்னுச்சு.

மூணு மாசம். எனக்கு அங்கதான் தம்பி நெஞ்சுல இடி எறங்குச்சு. ஏன்னா அஞ்சு வாரத்துல கல்யாணம். என் அக்கா மக தாரணிக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். எங்க வகையறாவுல முகூர்த்தத்துக்குப் பொண்ணு தரையில கால் பாவக் கூடாது. பொண்ணு ரூம்புலருந்து மணவறை வரைக்கும் தாய்மாமன்தான் ரெண்டு கையிலயும் ஏந்தித் தூக்கிட்டு வந்து ஒக்கார வைக்கணும். அதுக்குத்தான் தாய்மாமன். அதச் செய்யாதவன் பந்தியில ஒக்காந்து சாப்பிட்டுப் போற நூறு பேர்ல ஒருத்தன்.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு. சொல்லிர்றேன், சொல்லாட்டி உங்களுக்கு வெளங்காது. தாரணி என் மகன் கவியரசனுக்கு மொறைப்பொண்ணு. பொறந்தன்னைக்கே பேசுனது. பேசுனதுன்னா நான் பேசுனேன், அக்கா மறுத்துச் சொல்லல. அந்தப் புள்ள எம்.இ. முடிச்சிட்டுக் கோயமுத்தூர்ல கம்பெனியில இருக்கு. இவன் பன்னெண்டாவதோட செல்போன் கடைக்குப் போயிட்டான். படிப்பு என்ன தம்பி பெரிய படிப்பு? அந்தப் புள்ள கூட வேலை பாக்குற பையனக் கட்டிக்கிறேன்னுச்சு, அக்காவும் சரின்னுருச்சு. நான் என் மகனக் கேட்டா, 'வேணாம்ப்பா, அது எனக்குத் தங்கச்சி மாதிரி'ங்கிறான். மொறைப்பொண்ணத் தங்கச்சிங்கிறான், கிறுக்குப்பய. எனக்குக் கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. பூ வைக்கிற அன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், 'இந்தக் கையால அவளத் தூக்க மாட்டேன்'னு. சபையில கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன். அவ்வளவுதான். அப்புறம் பெரியவங்க பேசி, நானும் எறங்கி வந்து, கல்யாணத்துக்குப் பாத்திரமெல்லாம் என் கடையிலருந்துதான்னு ஒத்துக்கிட்டு, எல்லாம் சுமுகமாப் போச்சு. அந்த நேரம் பாத்துத்தான் இந்த நாய் வந்து விழுந்துச்சு.

அக்கா பேச்சியம்மா ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டு, பஸ்ஸுலருந்தே அழுதுக்கிட்டு வந்துச்சாம். 'அய்யோ தம்பி, எங்கடா அறுத்தாங்க'ன்னு போர்வைய வெலக்கிப் பாத்துச்சு. வயிறு மழுமழுன்னு இருக்கு. அதோட அழுகை நின்னுபோச்சு.

'அறுக்கலையா?'

'இல்லக்கா.'

'தையலு?'

'இல்லக்கா. உள்ள கிழிஞ்சிருக்கு. அதுவாவே ஆறுமாம்.'

'அதுவாவே ஆறுறதுக்கு எதுக்குடா படுத்திருக்க?'

பக்கத்துக் கட்டில்ல ஒரு சாத்தூர்க்காரன், குடல்வால் ஆபரேசன். குடல்வாலு! கோழிக்குடலாட்டம் அம்புட்டுத்தான் அது. அவன் சட்டையத் தூக்கி வர்றவன் போறவனுக்கெல்லாம் தையலக் காட்டிக்கிட்டே இருக்கான். எங்கக்கா என்னையப் பாக்க வந்துட்டு அவனப் பாத்து உச்சுக்கொட்டிட்டு, வாங்கியாந்த சாத்துக்குடியில பாதிய அவனுக்குக் குடுத்துட்டுப் போகுது. எனக்கு எப்படி இருக்கும்?

ஊருக்குப் போயி என்ன சொல்லுச்சோ, எப்படிச் சொல்லுச்சோ, பேச்சு பரவிப்போச்சு. சீனிராஜு சொன்ன சொல்லக் காப்பாத்திட்டான், தூக்க மாட்டேன்னான், படுத்துக்கிட்டான். ஒரு தையல்கூட இல்லையாமே, ஆஸ்பத்திரியில சும்மா படுத்துத் தூங்குறானாமே. என் சித்தப்பா மகன் இருளாண்டி இருக்கான், அவனுக்கு வாய் காதுவரைக்கும் இருக்கும். அவன், 'அண்ணனால முடியாட்டி என்ன பெரியக்கா, நான் தூக்குறேன் தாரணிய'ன்னு சொல்லியிருக்கான். என் மொறைய அவன் செய்யுறானாம்.

அடுத்த வாரம் அக்காவும் அத்தானும் இருளாண்டியும் சேந்து வாறாங்கன்னு சேதி வந்துச்சு. நான் கட்டுப் போடுற அண்ணன்கிட்டக் கெஞ்சுனேன். 'அண்ணே, வயித்தச் சுத்தி சும்மா ஒரு கட்டுப் போட்டு விடுங்கண்ணே'ன்னு. காயம் எங்கன்னாரு. காயம் உள்ள இருக்குன்னேன். 'அப்ப கட்டையும் உள்ளயே போட்டுக்கோ'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மனுசனா அவரு?

அப்புறம் ஜோதிமணியத்தான் கட்டச் சொன்னேன். அவ மாட்டேன்னா. 'இருக்குற காயத்தச் சொல்லுங்க, இல்லாத காயத்தக் காட்டாதீங்க'ன்னு எனக்கே புத்தி சொல்றா. நான் கத்துனேன். கத்தக் கூடாதாம், வயித்துல அழுத்தம் ஏறுமாம், அதுக்குப் பயந்துதான் ஒத்துக்கிட்டா. பழைய வேட்டியக் கிழிச்சு, நாலு சுத்துச் சுத்தி, மருந்து மாதிரி இருக்கட்டும்னு மஞ்சளக் கொழைச்சு மேல தடவுனா. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கே வலிச்சுச்சுன்னா பாத்துக்கங்க.

வந்தாங்க. அக்கா கட்டப் பாத்ததும் கண்ணு கலங்கிப்போச்சு. 'ஆபரேசன் பண்ணிட்டாங்களாடா'ன்னு கேக்குது. நான் வாயத் தொறக்கல, கண்ண மூடிக்கிட்டேன். பொய் சொல்லல தம்பி நான், அது என் வழக்கமே கிடையாது, கண்ண மட்டுந்தான் மூடுனேன். அப்படியே முடிஞ்சிருக்கும். இந்த இருளாண்டி இருக்கானே, கிட்ட வந்து மோந்து பாத்துட்டு, 'என்ன பெரியக்கா, மீன் கொழம்புக்குத் தடவி வெச்ச மாதிரி வாசம் வருது'ங்கிறான். அக்கா முடிச்சத் தொட்டுச்சு. தொட்டவுடனே அவுந்துருச்சு. ஒரு கட்டு ஒழுங்காக் கட்டத் தெரியல ஜோதிமணிக்கு. என் மானமே அவ கையில இருந்துச்சு, உருவாஞ்சுருக்குப் போட்டு விட்டுட்டா.

அக்கா அந்த வேட்டித்துணிய முழுசா உருவி எடுத்துச்சு. வார்டே பாக்குது. சாத்தூர்க்காரன் எக்கி எக்கிப் பாக்குறான். 'அடேய் சீனி, எம்மகளத் தூக்க மனசில்லன்னா மனசில்லன்னு சொல்லிட்டுப் போடா. இந்த வேசம் எதுக்குடா போடுற?'ன்னு துணிய என் மேல எறிஞ்சிருச்சு. அத்தான் வாயில்லாப் பூச்சி. நான், 'அக்கா, நெசமாவே உள்ள கிழிஞ்சிருக்குக்கா, டாக்டரம்மாவக் கேளுக்கா'ங்கிறேன். இனி எவன் கேப்பான்? கட்டே பொய்யின்னா காயமும் பொய்தானே.

அன்னைக்கு அழுதுட்டேன் தம்பி. வெக்கமில்லாமச் சொல்றேன். செத்துக்கித்துப் போயிருந்தாலாச்சும் நம்பியிருப்பாங்களேன்னு நெனச்சு அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பி விட்டப்புறமும் இதே கதைதான். கடைக்குப் போகக் கூடாது, வண்டியில ஏறக் கூடாது, மலம் கழிக்க முக்கக்கூடக் கூடாது. தண்ணிக்கொடம் எல்லாம் ஜோதிமணிதான் தூக்குறா. அவளுக்கு முழங்கால் வலியாம். நான் பாத்தேன், வீக்கமும் இல்ல ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு. பொம்பளைங்களுக்கு ஒரு வேலை கூடுனா போதும், எங்கயாச்சும் வலிக்க ஆரம்பிச்சுரும்.

நான் முடிவு பண்ணிட்டேன். உசுரு போனாலும் சரி, தாரணிய நான்தான் தூக்குவேன். இருளாண்டி கை அவ மேல படக் கூடாது. அக்காவுக்குச் சொல்லியனுப்பிட்டேன், 'தாய்மாமன் இருக்கான், வேற ஆள் வேணாம்'னு. ஜோதிமணி கால்ல விழுந்தா. மூணு நாள் பேசல. நான் அசையல.

கல்யாணத்துக்கு முந்துன ஞாயித்துக்கெழமை தாரணி என்னையப் பாக்க வந்துச்சு. மஞ்சள் பூசுன பொண்ணு வெளிய சுத்தக் கூடாது, யாருக்கும் தெரியாம வந்திருக்கு. பக்கத்துல ஒக்காந்து, 'மாமா, எந்த எடத்துல வலிக்குது'ன்னு கேட்டு வயித்துல கைய வெச்சுச்சு. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. 'உங்கம்மா அவுத்துப் பாத்தது பத்தாதா, நீயும் சோதிக்க வந்தியா'ன்னு கேட்டுட்டேன். அது எந்திரிச்சிருச்சு. அடுப்படிக்குப் போயி அவ அத்தை ஜோதிமணிகூட ரொம்ப நேரம் குசுகுசுன்னு பேசிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு பேரும் சேந்து எனக்குக் குழி தோண்டியிருக்காங்க, அப்ப எனக்குத் தெரியல.

கல்யாணத்தன்னைக்கு பட்டு வேட்டி, பட்டுத் துண்டு, கழுத்துல மாலை. மண்டபம் முழுக்க ஆளு. பாத்திரம் பூரா நம்ம கடைப் பாத்திரம். மேளம் வேகமெடுத்துருச்சு, பொண்ண அழைச்சுட்டு வாங்கன்னு ஐயரு குரல் குடுக்குறாரு. அக்கா கதவுப்பக்கம் நிக்குது, என்னைய நேராப் பாக்கல. இருளாண்டி சட்டைக்கையச் சுருட்டி விட்டுக்கிட்டு ரெடியா நிக்கிறான். நான் மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சேன், ஒரு கைய முதுகுக்கும் ஒரு கைய முழங்காலுக்கும் குடுக்கப் போறேன்.

தாரணி என் கையப் பிடிச்சுருச்சு. பிடிச்சுக்கிட்டு, 'வாங்க மாமா, நடந்தே போவோம்'னுச்சு.

நான் திரும்பக் குனிஞ்சேன். அது விடல. என் காதுகிட்ட வந்து என்ன சொல்லுச்சு தெரியுமா? 'நீங்க செத்துப்போயிட்டா நான் மாமான்னு யாரக் கூப்பிடுவேன்?' தம்பி, நீங்களே சொல்லுங்க, மணவறைக்குப் போற பொண்ணு வாயில வர்ற வார்த்தையா இது? நல்ல நாளும் அதுவுமா, மாலையும் கழுத்துமா நின்னுக்கிட்டு, செத்துங்கிறா! வையலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள என் கையப் பிடிச்சு இழுத்துட்டு நடக்க ஆரம்பிச்சிருச்சு. நான் ஆட்டுக்குட்டியாட்டம் பின்னாலயே போறேன். எங்க வகையறாவுல தரையில நடந்து மணவறைக்குப் போன மொதப் பொண்ணு அவதான். என் கை சும்மா இருந்துச்சு, அவ கால் நடந்துச்சு, அம்புட்டுச் சனமும் பாத்துச்சு.

மண்டபமே கசகசன்னு ஆயிருச்சு. தாலி கட்டி முடிஞ்சதும் அக்கா என்கிட்ட வந்து, 'எம்மகளுக்கும் சொல்லிக் குடுத்துட்டயாடா? சொன்ன மாதிரியே தூக்காமச் சாதிச்சுட்ட'ன்னுச்சு. சொல்லிக் குடுத்தேனாம்! இருளாண்டி பந்தியில எனக்கு எதுத்தாப்புல ஒக்காந்துக்கிட்டு, 'அண்ணன் நோகாம நோம்பு கும்புட்டுட்டாரு'ங்கிறான். சோத்த அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். வயித்துல அடிபட்டது நான், பட்டினி கெடந்தது நான், படுத்துக் கெடந்தது நான், தூக்கத் துணிஞ்சு போனதும் நான். கடைசியில ஊர ஏமாத்துனவன்னு பேரு எனக்கு. அக்கா இன்னும் பேசல. நானும் தாரணிகூடப் பேசுறதில்ல. பேச மாட்டேன். தாய்மாமன் மொறையச் செய்ய விடாமச் சபையில தலைகுனிய வெச்சவகூட எனக்கென்ன பேச்சு?

இன்னைக்கு மதுரையில கடைசி ஸ்கேன். அந்த டாக்டரம்மா பாத்துட்டு, சுத்தமா ஆறிருச்சு, தழும்புதான் தெரியுதுன்னுச்சு. தழும்பு! அதுவும் உள்ளதான் இருக்காம், எவனுக்குக் காட்ட? நான் சும்மா கேட்டு வெச்சேன், 'ஏம்மா, அன்னைக்கு ஒரு பொண்ணத் தூக்கியிருந்தேன்னு வைங்க, நல்ல பூசுனாப்புல பொண்ணு, என்ன ஆயிருக்கும்'னு. அது கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே, 'ஒண்ணு, தப்பிச்சிருப்பீங்க. இல்ல, அந்த மண்டபத்துலயே முடிஞ்சிருக்கும்'னுச்சு. டாக்டருங்க எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க. அப்படித்தானே தம்பி? கூட்டித்தான் சொல்லுவாங்க.

பாருங்க, போன் அடிக்குது, தாரணி பேரு தெரியுது. அவதான். இன்னைக்கு ஸ்கேன்னு ஜோதிமணி சொல்லியிருப்பா. காலையிலருந்து நாலு தடவை அடிச்சுட்டா, நான் எடுக்கல. எடுக்கவும் மாட்டேன். அடிக்கட்டும்.

விடாம அடிக்குறா பாருங்க.

தம்பி, ஒண்ணு செய்யுங்க. நீங்க எடுங்க. பச்சைய அமுக்குங்க. மாமா தூங்குறாருன்னு சொல்லுங்க. ஸ்கேன்ல எல்லாம் ஆறிருச்சாம், ஒண்ணும் பயமில்லையாம், நீ நேரத்துக்குச் சாப்பிடுன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க. எடுங்க தம்பி, நின்னுறப் போகுது. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, இந்த பஸ் இரைச்சல்ல அவளுக்குக் கேக்காது.